சாவகாசத்துக்குச் சொன்ன நிஜ நேரம்

அத்தியாயம் 14

கப்பல் பத்தரைக்கு. வண்டிகளுக்கு ஒன்பதே முக்காலோடு கேட்டை மூடிவிடுவார்கள். வண்டியில்லாமல் வரும் ஆட்களுக்குப் பத்து மணி வரை சீட்டு. கடலைக் கடக்க இரண்டரை மணி நேரம். ஒரு மணிக்கு அக்கரை. அங்கிருந்து கோர்ட்டுக்கு ஐம்பது நிமிடம். இரண்டரைக்கு நீதிபதியின் முன்னால் குழந்தை நிற்க வேண்டும்.

பெரியவள் இந்த ஏழு வரியை ஒரு வாரமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது ஓட்டினாள், சாப்பிடும்போது ஓட்டினாள். எங்கும் இடிக்கவில்லை.

இடித்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். பஸ் டிப்போவில் பத்தொன்பது வருஷமாக டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும், எங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். டிரைவர்கள் அவளைக் கடியாரம் என்பார்கள். வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

போன தவணைக்குக் கடல் கொந்தளித்தது, கப்பலே ஓடவில்லை. நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த தடவை குழந்தையை நேரில் கொண்டுவராவிட்டால் அது தற்காலிகமாகத் தகப்பனிடம் போகும், காரணம் எதுவும் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். அந்தத் தற்காலிகம் எத்தனை வருஷம் என்று யாருக்கும் தெரியாது. எட்டு மாதத்துக்கு முன்னால் வீங்கிய கன்னத்தோடும் ஆறு வயது மகளோடும் இதே கப்பலில் ஓடிவந்தவள் அவள் தங்கை சின்னவள். இன்றைக்கு அதே கப்பலில் திரும்பிப் போக வேண்டும், குழந்தையைக் காப்பாற்றிக்கொள்ள.

சின்னவளுக்கு வேலை ஒரு சலவைக்கூடத்தில், தங்குவது பெண்கள் விடுதியில். விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. அதனால் பொடிசு மாமா வீட்டில் வளர்ந்தது. மாமா என்றால் இவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவன். சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைத்துக் கொடுப்பவன். அவனுடைய வேனில்தான் நான்கு பேரும் போவதாக ஏற்பாடு. டிக்கெட்டும் வேன் பெயரில்தான்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் சாவகாசம்.

*

சகோதரிகள் இருவரும் எட்டு இருபதுக்கே துறைமுகக் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். பெரியவள் உள்ளே நுழைந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது" என்றாள்.

"எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல கடியாரத்துல குத்தம் கண்டுபிடி" என்றாள் சின்னவள். இரவெல்லாம் தூங்காத கண். மடியில் துணிப்பை. பையில் குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளிக்கூடக் கடிதம், ஒரு ஜோடி மாற்று உடுப்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"சாப்பிடு" என்று பெரியவள் ஒரு பன்னை நீட்டினாள்.

"வயித்துல இடமில்லை."

"அங்க போய் மயக்கம் போட்டு விழுந்தா ஜட்ஜ் என்ன நினைப்பாரு? பிள்ளையைப் பார்த்துக்கத் தெம்பில்லாதவன்னு எழுதிடுவாரு."

சின்னவள் பன்னைக் கடித்தாள்.

எட்டு நாற்பது ஆனது. தம்பி ஒன்பதரைக்கு இங்கே இருக்க வேண்டும். அவன் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம். எட்டரைக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் பெரிய பாலத்தைத் தாண்டியிருப்பான். சும்மா கேட்டு வைப்போம் என்று பெரியவள் போனை எடுத்தாள்.

நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லுக்கா."

"பாலம் தாண்டிட்டியா?"

"எந்தப் பாலம்? பொடிசு குளிச்சிட்டிருக்கா. நான் டீ போட்டுட்டிருக்கேன்."

பெரியவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"விளையாடாதே."

"விளையாடலைக்கா. ஒன்பதரைக்குக் கிளம்பி பத்தரைக்கு டான்னு அங்க நிப்பேன். இன்னைக்கு உனக்கே ஆச்சரியமா இருக்கும் பாரு."

"உன்னை ஒன்பதரைக்கு *இங்க* இருக்கச் சொன்னேன்."

"ஆமா, சொன்னே. நீ ஒன்பதரைன்னா பத்தரைன்னு அர்த்தம். கப்பல் பத்தரைன்னா பதினொன்றரை. எனக்குத் தெரியாதாக்கா? இருபது வருஷமா நீ எனக்கு ஒரு மணி நேரம் முன்கூட்டித்தானே சொல்றே? நானும் ஒரு மணி நேரம் கழிச்சுத்தானே வர்றேன்?"

அவன் குரலில் ஒரு துளி குறும்பில்லை. அவ்வளவு வெள்ளையாகச் சொன்னான்.

உண்மைதான். எதற்கும் பிந்தி வருகிற தம்பிக்கு எல்லா நேரத்தையும் ஒரு மணி முன்னதாகச் சொல்வது அவளுடைய பழைய தந்திரம். டாக்டரிடம் போக ஐந்து மணி என்றால் நாலு என்பாள். ரயில் ஏழுக்கு என்றால் ஆறு என்பாள். எல்லாம் சரியாகத்தான் நடந்து வந்தது. அவன் கண்டுபிடித்துவிட்டான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

இந்த ஒரு தடவை, குழந்தை விஷயமாயிற்றே, இதில் என்ன தந்திரம் என்று நிஜ நேரத்தைச் சொல்லியிருந்தாள். நிஜத்தைச் சொன்னவள், இது நிஜம் என்று சொல்ல மறந்துபோனாள்.

"டேய்" என்றாள். "நான் முன்கூட்டிச் சொல்லலைடா. இந்த வாட்டி இல்லை. ஒன்பதரைன்னா ஒன்பதரைதான். கப்பல் பத்தரைக்குப் போயிடும்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா…"

"பேசாதே. பிள்ளையைத் தூக்கு. தலை துவட்டாட்டியும் பரவாயில்லை. கிளம்பு."

*

சின்னவள் எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டிருந்தாள். பாதி பன் கையிலேயே இருந்தது.

"எத்தனை மணிக்கு வருவான்?"

"எட்டு அம்பத்தஞ்சுக்குக் கிளம்பினா ஒன்பது அம்பத்தஞ்சு."

"வண்டிக்கு ஒன்பதே முக்கால்."

"ஆமா."

"அப்போ?"

பெரியவள் எழுந்து வெளியே வண்டி வரிசைக்கு நடந்தாள். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் ஒவ்வொரு வண்டியாக எண்ணைப் பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். அவரிடம் டிக்கெட்டைக் காட்டினாள். வேன் வழியில் வந்துகொண்டிருக்கிறது, பத்து நிமிடம்தான் பிந்தும், ஒரு இடம் மட்டும் விட்டு வையுங்கள் என்றாள்.

"வண்டி இங்க நின்னா இடம் இருக்கு. வழியில நின்னா வழியிலதான் இடம்" என்றார் அவர்.

"கோர்ட் விஷயம். ஒரு குழந்தை…"

"அம்மா, இங்க வர்றவங்கள்ல அவசரமில்லாதவன் யாரு? சும்மா காத்து வாங்க யாராவது லாரியைக் கப்பல்ல ஏத்துவானா?"

பெரியவளுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. இதே வார்த்தையை, வேறு மாதிரி அடுக்கி, டிப்போ ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்.

திரும்பி வந்தாள். வண்டி போகாது. சரி, வண்டியை விட்டுவிடுவோம். ஆட்கள் போகலாம். பத்து மணி வரை நேரமிருக்கிறது. தம்பி ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வந்தாலும் ஐந்து நிமிடம் மிச்சம்.

ஆனால் அக்கரையில் இறங்கினால் வண்டி?

அங்கேதான் சிக்கல். அக்கரைத் துறைமுகம் ஊருக்கு வெளியே தனியாகக் கிடக்கிறது. டாக்ஸி ஸ்டாண்டை நடத்துவதே சின்னவளுடைய கணவனின் அண்ணன்தான். வீட்டை விட்டு ஓடிவந்த முதல் தடவை சின்னவள் ஏறிய டாக்ஸி, அவளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் புருஷன் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டது. அதற்காகத்தான் சொந்த வேன் வேண்டும் என்று இத்தனை பாடு. சின்னவளுக்காக வாதாடும் வக்கீலம்மாவுக்குக் காலையில் வேறு வழக்கு, போன் அணைந்து கிடக்கிறது.

மிச்சம் இருந்தது பஸ். அதை அவள் தாளில் பார்க்கத் தேவையில்லை. அக்கரைத் துறைமுகத்திலிருந்து ஒன்றேகாலுக்கு ஒன்று. அதை விட்டால் இரண்டேகாலுக்கு. ஒன்றேகால் பஸ் இரண்டு ஐந்துக்குக் கோர்ட் வாசலில் நிற்கும். ஒரு மணிக்குக் கப்பல் சேரும். முதலில் வண்டிகளை இறக்குவார்கள், பத்து நிமிடம். அப்புறம் ஆட்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு மூன்று நிமிட நடை. ஒன்று பதின்மூன்று. இரண்டு நிமிடம் மிச்சம்.

இரண்டு நிமிடம் போதும். இரண்டு நிமிடத்தில் அவள் ஒரு பஸ்ஸையே காலி பண்ணி நிரப்பியிருக்கிறாள்.

*

ஆட்கள் கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு ஜலதோஷம். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு தடவை கைக்குட்டையை எடுத்தாள்.

"பெரியவங்க மூணு, குழந்தை ஒண்ணு" என்றாள் பெரியவள்.

"ஆளைக் காட்டுங்க."

"ரெண்டு பேர் இருக்கோம். ரெண்டு பேர் வந்துட்டே இருக்காங்க."

"இருக்கிறவங்களுக்குத்தான் சீட்டு. ஆளைப் பார்த்துத்தான் குடுக்கணும்னு உத்தரவு. வரட்டும், குடுக்கிறேன். பத்து மணி வரைக்கும் இங்கதான் உட்கார்ந்திருப்பேன்."

இரண்டு சீட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தாள். சின்னவள் பெஞ்சில் இல்லை. கொட்டகையின் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்று கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிகள் ஒவ்வொன்றாக அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தன.

"நான் கல்யாணத்தன்னைக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல நின்னது ஞாபகம் இருக்கா?" என்றாள் திரும்பாமல்.

"இப்ப எதுக்கு அது?"

"எனக்கும் ஒரு மணி நேரம் முன்கூட்டித்தான் சொல்லியிருந்தே. நானும் அவனும் பூட்டின கதவு முன்னாடி ஒரு மணி நேரம் நின்னோம். அந்த ஒரு மணி நேரத்துல ரெண்டு தடவை கோபப்பட்டான். ஒரு தடவை என் கையை முறுக்கினான். சும்மா விளையாட்டுக்குன்னு நினைச்சேன்." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "நீங்க எல்லாம் வந்ததும் சிரிச்சிட்டேன்."

பெரியவளுக்கு இது புதுச் செய்தி.

"ஏன் சொல்லலை?"

"யார்கிட்ட சொல்றது? நீதான் எங்களை எல்லாம் பஸ் மாதிரி ஓட்டுறியே. எங்க நிக்கணும், எப்பக் கிளம்பணும்னு சொல்லுவே. ஏன் நின்னோம்னு கேட்க மாட்டே. அண்ணன் ஒண்ணும் சோம்பேறி இல்லைக்கா. நீ சொல்ற எதையும் அப்படியே நம்ப முடியாதுன்னு அவனுக்கு நீதான் கத்துக்குடுத்தே."

பெரியவள் கையிலிருந்த இரண்டு சீட்டையும் பார்த்தாள்.

"சீட்டைப் பத்திரமா வச்சுக்கோ" என்றாள், ஒன்றை நீட்டி.

*

ஒன்பதே முக்காலுக்கு மஞ்சள் சட்டைக்காரர் சங்கிலியை இழுத்து வண்டிப் பாதையை மூடினார்.

ஒன்பது ஐம்பதுக்குப் போன் அடித்தது.

"அக்கா, ரவுண்டானாகிட்ட நிக்கிறேன். முன்னாடி ஒரே லாரியா இருக்கு. அசைய மாட்டேங்குது."

"எவ்வளவு தூரம்?"

"கப்பல் புகைபோக்கி தெரியுது."

"வேனை விடு. எங்கயாவது ஓரமா விட்டுட்டு ஓடி வா."

"இங்க நிறுத்தினா தூக்கிட்டுப் போயிடுவாங்க. உள்ள ஒருத்தரோட சோபா இருக்கு, இன்னைக்கு…"

"டேய்."

"சரி, சரி. விட்டுட்டேன். ஓடுறேன்."

போன் அணையவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான் போல. காலடிச் சத்தமும் மூச்சும் நடுவில் பொடிசின் குரலும் கேட்டன. "மாமா, என்னை இறக்கிவிடு, நான் உன்னைவிட வேகமா ஓடுவேன்." "நீ ஓடினா ஷூ கழண்டுடும்." "ஒண்ணு ஏற்கெனவே கழண்டுடுச்சு." "எங்க?" "அங்கயே." "பரவாயில்லை, ஜட்ஜ் காலைப் பார்க்க மாட்டாரு."

பெரியவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கவுண்டருக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள். ஒன்பது ஐம்பத்தாறு. ஒன்பது ஐம்பத்தேழு. சின்னவள் வாசலுக்கு வெளியிலேயே போய்விட்டாள்.

கவுண்டர் பெண் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தாள். பலகையை எடுத்து ஜன்னலில் சார்த்தினாள். "மூடியாயிற்று" என்றது பலகை.

"இன்னும் பத்து ஆகலை" என்றாள் பெரியவள்.

"மேல பாருங்க."

சுவர்க் கடிகாரத்தில் பத்து. பெரியவளின் கையில் ஒன்பது ஐம்பத்தெட்டு.

"அது ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட். காலையிலேயே பார்த்தேன். நான் டைம்கீப்பர். தினம் சரிபார்த்து வச்ச வாட்ச் இது."

"இருக்கட்டும்மா. எங்களுக்கு எங்க கடிகாரம்தான் கணக்கு."

பெரியவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். *டிப்போ கடிகாரம்தான் கணக்கு.* அவளுடைய ஜன்னலுக்கு மேலேயே எழுதி மாட்டியிருக்கிறது. மாட்டியது அவள்தான்.

"தயவு பண்ணும்மா" என்றாள். இந்த வார்த்தை தன் வாயில் வரும் என்று அவள் நினைத்ததில்லை. "ஒரே ஒரு குழந்தைச் சீட்டு. இந்தக் கப்பலை விட்டா பிள்ளை தாய்கிட்ட இருக்காது."

ஜலதோஷக்காரப் பெண் அவளைப் பார்த்தாள். இரக்கம் இருந்தது, அதோடு சரி. "மிஷின் பத்து மணிக்குத் தானா நின்னுடும்மா. நான் நினைச்சாலும் சீட்டு வராது. எத்தனை சீட்டு, எத்தனை தலைன்னு கப்பலுக்குக் கணக்கு போயிடுச்சு."

அப்போதுதான் அவர்கள் உள்ளே வந்தார்கள். தம்பியின் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தோளில் பொடிசு, ஈரத் தலை, ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். பின்னால் சின்னவள்.

"வந்துட்டேன்" என்றான் மூச்சு வாங்க. மூடியிருந்த பலகையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். குழந்தையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

பொடிசு பெரியவளின் கையைப் பிடித்து இழுத்தது. "பெரியம்மா, மாமாவைத் திட்டாதே. நாங்க லேட் பண்ணலை. இன்னைக்குச் சீக்கிரமாவே எழுந்துட்டோம். மாமா அலாரம் வச்சாரு, மூணு அலாரம்."

பெரியவள் குனிந்து குழந்தையின் ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். அப்படியே நின்றாள். எத்தனை சீட்டு. எத்தனை தலை.

நிமிர்ந்தாள். கையில் இருந்த தன் சீட்டைப் பார்த்தாள்.

"இதுல பேர் இல்லையே" என்றாள் கவுண்டர் பெண்ணிடம்.

"பேர் எழுதுறதில்லை. தலைக்கு ஒண்ணு."

"அப்போ என் தலைக்குப் பதிலா இந்தத் தலை."

அந்தப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பொடிசைப் பார்த்தாள். யோசித்தாள். மூக்கைத் துடைத்தாள். "பெரிய சீட்டுல சின்ன ஆள் போகலாம். சின்னச் சீட்டுல பெரிய ஆள் வந்தாத்தான் சண்டை. கூட்டல் மாறலை. போங்க, கேட்ல சொல்லிடறேன். ஓடுங்க."

*

கப்பலுக்குப் போகும் நடைபாதையின் முகப்பில் ஒரு கம்பிக் கதவு. சீட்டு உள்ளவர்கள் மட்டும் அதற்கு அப்பால்.

சின்னவள் அங்கே வந்ததும் நின்றுவிட்டாள்.

"என்னால முடியாதுக்கா. நீ இல்லாம எனக்கு அந்த ஊர்ல ஒரு அடி வைக்க முடியாது. அவங்க யாராவது பார்த்தா?"

"பார்த்தா பார்க்கட்டும். நீ பஸ்ல இருப்பே, அம்பது பேர் சுத்தி இருப்பாங்க. யாரோட வண்டியிலயும் ஏறாதே. இறங்கினதும் வலது பக்கம் நட, நீல நிறக் கூரை தெரியும். கோர்ட் வாசல்ல இறக்கிடுன்னு கண்டக்டர்கிட்ட சொல்லு. வக்கீலம்மா அங்க இருப்பாங்க."

"பஸ் எத்தனை மணிக்கு?"

பெரியவளின் நாக்கில் பழைய பதில் தயாராக இருந்தது. ஒன்று பத்துக்கு என்று சொன்னால் வேகமாக நடப்பாள். எங்கும் நின்று திகைக்க மாட்டாள்.

"ஒண்ணேகாலுக்கு" என்றாள்.

சின்னவள் அவள் முகத்தையே பார்த்தாள். "நிஜமாவா, உன் கணக்கா?"

"நிஜம். ரெண்டு நிமிஷம்தான் மிச்சம் இருக்கும். அதுவும் நிஜம்."

சின்னவள் தலையசைத்தாள். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். குனிந்து, குழந்தையின் மற்ற ஷூவையும் கழற்றிப் பையில் போட்டாள். "ஒண்ணைப் போட்டுக்கிட்டு நொண்டறதுக்கு ரெண்டும் வேண்டாம்" என்றாள். இருவரும் கம்பிக் கதவைத் தாண்டிப் போனார்கள். சாக்ஸ் காலோடு பொடிசு திரும்பித் திரும்பிக் கையசைத்துக்கொண்டே போனது.

கதவு மூடியது. பெரியவளின் கையில் பத்து மணி எட்டு நிமிடம்.

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். "எல்லாம் என்னாலதான்க்கா."

"இல்லை" என்றாள் அவள். அவன் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்தாள். "மூணு அலாரமா வச்சே?"

"ஒண்ணை நம்ப முடியாதே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பத்தரை ஆனது. கப்பல் ஊதவில்லை.

பத்து முப்பத்திரண்டு. கப்பலின் வாய் திறந்தே இருந்தது. அதற்கு முன்னால் சரிவில் ஒரு லாரி கோணலாக நின்றது. நாலைந்து பேர் அதைச் சுற்றிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு லாரி பழுதாகி நிற்பதால் கப்பல் பதினைந்து நிமிடம் தாமதமாகப் புறப்படும் என்றது. பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்தியது.

"பதினஞ்சு நிமிஷம்தானே" என்றான் தம்பி. "ரெண்டரைக்குத்தானே கோர்ட்டு?" அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "என்னக்கா?"

"பஸ் போயிடும்டா."

சின்னவளுக்கு ஏழெட்டு நிமிடம் விடாமல் போன் போட்டாள். அணைந்திருந்தது. விடுதியில் நேற்றிரவு சார்ஜ் போட மறந்திருப்பாள். கப்பலுக்குள்ளே அவள் இரண்டு நிமிடம் மிச்சம் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அக்கரை டிப்போவுக்கு ஒரு எண் உண்டு. பத்தொன்பது வருஷமாகத் தினம் காலையில் பேசுகிற எண். அந்தப் பக்கம் இருப்பவரும் டைம்கீப்பர்தான். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். இக்கரை, அக்கரை என்றே ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

போன மாதம் அவர் ஒன்று கேட்டார். கப்பல் பிந்துகிறது, ஒரு நோயாளியும் அவர் மனைவியும் வருகிறார்கள், உங்க பஸ்ஸை மூன்று நிமிடம் நிறுத்தி வையுங்கள் என்றார். பஸ் கப்பலுக்காக ஓடவில்லை, நேரத்துக்காக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த இரண்டு பேரும் அன்றைக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார்கள்.

பெரியவள் எண்ணை அழுத்தினாள்.

"அக்கரை."

"இக்கரை பேசறேன்."

"என்ன, இந்நேரத்துல? லீவுன்னு சொன்னாங்களே."

"லீவுதான். ஒரு உதவி வேணும்." "உங்க ஒண்ணேகால் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கணும். என் தங்கச்சியும் பிள்ளையும் கப்பல்ல வர்றாங்க. ரெண்டரைக்கு அவங்க கோர்ட்ல நிக்கலைன்னா பிள்ளை கைவிட்டுப் போயிடும்."

எதிர்முனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பஸ் எதுக்காக ஓடுதுன்னு போன மாசம் நீங்கதான் எனக்குச் சொன்னீங்க" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

"சொன்னேன். தப்பு. அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்க வழியில்லை. உங்ககிட்ட கேட்கிறேன்."

தூரத்தில் அக்கரையில் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார். "எல்லாரும் என்கிட்ட அஞ்சுன்னு கேட்டுட்டு இருபது நிறுத்துவாங்க. அந்தக் கணக்கு வேண்டாம். நிஜத்தைச் சொல்லுங்க."

ஐந்து என்று கேட்டால் ஒருவேளை சம்மதிப்பார். ஐந்து யாரும் கொடுக்கக்கூடியது. பதினைந்து நிமிடம் நிறுத்தினால் பஸ்ஸில் இருக்கிற ஐம்பது பேரும் கத்துவார்கள். மேலிடத்துக்கு எழுதிப் போட்டால் அவர் வேலைக்கே ஆபத்து. ஆனால் கப்பல் ஒன்றேகாலுக்குச் சேரும். வண்டிகள் இறங்கி ஒன்று இருபத்தைந்து. சாக்ஸ் காலோடு ஒரு குழந்தை நடந்து வர ஐந்து நிமிடம்.

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பதினஞ்சு" என்றாள் பெரியவள். "ஒண்ணரைக்கு வருவாங்க. அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வர மாட்டாங்க."

கப்பல் ஊதியது. அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. ஊதி முடித்தபோது போனில் இணைப்பு அறுந்திருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் முதல் முழத் தண்ணீர் தெரிந்தது.